மூன்று திரைகளில் அம்மா

கல்லறையில் பதிக்கும் பீங்கான் படங்களுக்குக் கணினியில் முகம் திருத்துவது என் பிழைப்பு. விருத்தாசலத்தில் சூளைக்குப் பஞ்சமில்லை. யாராவது இறந்தவரின் புகைப்படத்தோடு வந்தால், கறையும் கிழிசலும் நீக்கி, நிறம் பார்த்துச் சூளைக்காரருக்கு அனுப்புவேன். அவர் அதைப் பீங்கான் தட்டில் ஏற்றிச் சுட்டுத் தருவார். சுட்ட பிறகு யார் அழுதாலும் நிறத்தை மாற்ற முடியாது.

அம்மா போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். அண்ணனும், பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்துத் தங்கையும், ஒரு பழைய கலர் புகைப்படத்திலிருந்து நான் திருத்திய அம்மாவின் படத்தைப் பார்க்க என் கடைக்கு வந்தார்கள். அண்ணன் பக்கத்திலிருந்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தான். தங்கை என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“என்னா இது, கரி பூசுன மாதிரி இருக்குது? அம்மா செவப்புல்ல!” என்றான் அண்ணன்.

“எதுண்ணா கரி? வெளுத்துப் போய் சுண்ணாம்பு மாதிரி இருக்குது. அம்மா என் கலருதான்” என்றாள் தங்கை.

அவள் கறுப்பு. நானும் அண்ணனும் அப்பாவைக் கொண்டு மாநிறம். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை ஏதோ ஒரு ஸ்டூடியோக்காரர் பவுடர் கொட்டியதுபோல் வெளுப்பாக்கித் தந்திருந்தார். அதைக் காட்டிக் காட்டியே, “பாப்பா, ஒன்ன தவுட்டுக்குத்தான் வாங்குனோம்” என்று அண்ணன் அவளைச் சீண்டுவான். எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான். ஆனால் இவள் அதை நம்பிப் பல நாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். கல்லறையிலும் அம்மா சிவப்பாகிவிட்டால் தனக்கென்று ஒரு சாட்சியும் இல்லை என்ற பயம் அவள் குரலில் இருந்தது.

அண்ணன் பேச்சுக்கு வெளுப்பைக் கூட்டினால் இவள் பதறுவாள். இவளுக்காகக் குறைத்தால் அவன் எகிறுவான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாமா என்றிருந்தது. அந்த நேரம் அண்ணனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே எழுந்து தங்கை பக்கத்தில் போய் நின்றவன், திரையைப் பார்த்துவிட்டு, “ஏய், அதுக்குள்ள எதுக்கு இம்மாம் வெளுப்பாக்குன?” என்றான்.

நான் மவுஸைத் தொடவே இல்லை.

வாடிக்கையாளர்களை எழுந்து வரச் சொல்லி என் நாற்காலியிலேயே உட்காரவைத்துக் காட்டுவது என் வழக்கம். கூடப் பிறந்தவர்களுக்கு அந்த மரியாதை எல்லாம் ஏது? வந்தவர்கள் எல்லாம் நேராகவே பார்த்ததால்தான் இத்தனை காலம் இது தெரியாமல் போனது. என் பழைய மானிட்டர், கீழேயிருந்து பார்த்தால் இருட்டும், மேலேயிருந்து பார்த்தால் வெளுக்கும்.

மறுநாள் அம்மாவின் படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைவீதியில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வரிசையாக மூன்று மானிட்டர்களில் அம்மாவைத் திறந்தார். முதலாவது டிஎன் என்ற வகைத் திரை. “கேமுக்கு செம ஸ்பீடுங்க” என்றார். “எங்க அம்மா எங்கயும் ஓடப் போறதில்லைங்க” என்றேன். குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். என் பழைய மானிட்டரின் அதே கூத்து.

இரண்டாவது விஏ. கறுப்பு அப்படியொரு ஆழம். சினிமா பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அம்மாவின் கொண்டை பின்னாலிருந்த இருட்டோடு கலந்து காணாமல் போய்விட்டது. பக்கவாட்டில் நகர்ந்தால் கன்னம் சோகை பிடித்ததுபோல் வெளிறியது.

மூன்றாவது ஐபிஎஸ். அதில் கறுப்பு கொஞ்சம் சாம்பல்தான், மூலையில் லேசாக ஒரு வெளிச்சமும் கசிந்தது. ஆனால் நான் கல்லாப் பக்கம் போய் நின்றாலும், தரையில் குந்திப் பார்த்தாலும், அம்மா அதே அம்மாவாக இருந்தார். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். அதையே கட்டித் தரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். புது மானிட்டரில், திருத்தம் எதுவும் செய்யாமல் ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். அண்ணன் அதே குட்டை ஸ்டூல், தங்கை அதே முதுகுப்பக்கம். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

மழையில் நனைந்த செம்மண் மாதிரி, கறுப்பும் பழுப்புமாக ஒரு முகம். மூக்கின் ஓரத்தில் வியர்வை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டான். திரையைப் பார்த்தான், திரும்பித் தங்கையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

“கூடத்துப் படத்தப் பாத்துப் பாத்து மறந்தே பூட்டேன்” என்றான். அப்புறம், “அப்படியே பாப்பா” என்றான்.

தங்கை என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“இப்பத்தான் தெரியுதாண்ணா ஒனக்கு?”