எழுந்தபோது வந்த சத்தம்

மாட்டுங்காவில் என் மனைவியின் மாமாவுக்குச் சதாபிஷேகம். எண்பது வயது மாமாவும் மாமியும் மணையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக விழுந்து நமஸ்காரம் செய்தார்கள். என் முறை வந்ததும் மைத்துனன், "அத்திம்பேர், உங்களுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. கை கூப்பினாப் போறும்" என்றான். அத்தனை பேர் முன்னால் என்னை நோயாளியாக்குகிறானே என்று சுருக்கென்றது. விழுந்தேன்.

நான்கு மாதம் முன்புதான் வயிற்றைத் திறந்து, இடுப்பில் தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைத்திருந்தார்கள். இரண்டு உலோகத் தட்டு, நடுவில் அசைந்துகொடுக்க ஒரு பிளாஸ்டிக் வில்லை. "எலும்பை ஸ்க்ரூ போட்டு இணைச்சுடலாமே, ஆடாமக் கிடக்கும்" என்று மனைவி முன்பே கெஞ்சினாள். முப்பது வருஷம் மெஷின்களில் பேரிங் மாற்றிய ஃபிட்டருக்கு இவள் பாடம் எடுப்பதா? "ஒரு இடத்தை இறுக்கினா மேலயும் கீழயும் பாரம் ஏறும். உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைத்தேன். டாக்டர் எச்சரித்தது ஒன்றுதான். பின்பக்கமாக வளையக்கூடாது, வில்லை முன்னால் பிதுங்கலாம். அதைச் சரிசெய்ய மறுபடி வயிற்றைத் திறந்தால் பெரிய ரத்தக்குழாய் பழைய தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், உயிருக்கே ஆபத்து.

விழுந்தது சுலபம். எழும்போதுதான் புத்தி கெட்டது. முழங்காலை மடக்காமல், உள்ளங்கையை ஊன்றி நெஞ்சை முதலில் தூக்கினேன்; முதுகு பின்னால் வளைந்தது. இடுப்பில் 'கடக்'கென்று ஒரு சத்தம். இடது கால் மரத்துப்போனது.

மனைவி என்னை டாக்ஸியில் ஏற்றினாள். சயான் சிக்னலில், "கால் கட்டைவிரலை அசைங்கோ" என்றாள். அசைத்தேன். கொஞ்சம்தான் அசைந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

செம்பூர் ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி, உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"டிஸ்க் டீக் ஹை", சரியாகத்தான் இருக்கிறது என்றார் கடைசியில். பின்பக்கத்துப் பழைய மூட்டுகள் அழுந்தி நரம்பைச் சீண்டியிருக்கின்றன, மரப்பு இறங்கிவிடும் என்றார். "புதுசா போட்டது முன்னால மட்டும்தான். பின்னால இருக்கறதுக்கெல்லாம் உங்க வயசு" என்று இந்தியிலேயே திட்டவும் திட்டினார்.

வெளியே வந்ததும் அவள் சுவரில் சாய்ந்து விம்மி அழுதாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. "தப்புதாண்டி" என்று சொல்லி அவள் கால் பக்கம் குனியப் போனேன். சட்டென்று தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"போறும், யார் கால்லயும் விழ வேண்டாம். நின்னுண்டே மன்னிப்புக் கேளுங்கோ."

நின்றுகொண்டே கேட்டேன்.