வாசலில் பதினான்கு சோடிச் செருப்பு

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கல்லூரியில் நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று நான்தான் சொல்கிறேன். விரிவுரையாளர்களைக் கேட்டால் வேறு சொல் பாவிக்கக்கூடும். வீடு கிண்ணியாவில். காலையில் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி வருவேன், பின்னேரம் அதே பாலத்தால் திரும்பிப் போவேன். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி கன்டீனில் கழிந்தது.

கன்டீன் யன்னலுக்கு நேர் எதிரே நூலகக் கட்டடத்தின் கடைசி அறை. முன்பு உடைந்த கதிரைகளைப் போட்டு வைத்திருந்த அறை. அதைத் துப்புரவாக்கி, மாணவர்களுக்கான உளவளத்துணை அறையாக மாற்றியிருந்தார்கள். புதன்கிழமைகளில் ஒரு மிஸ் வருவார். மனதில் பாரம் உள்ளவர்கள் போய்க் கதைக்கலாம், கதைத்தது வெளியே போகாது. கதவில் பலகை தொங்கியது: ‘இரகசியம் பேணப்படும்.’ உள்ளே யாரோ நல்ல மனிதர் அன்பளிப்பாகக் கொடுத்த சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அது பழுதாகக்கூடாது என்று நிர்வாகம் அந்தப் பலகைக்குக் கீழே இன்னொன்றையும் ஒட்டியிருந்தது: ‘பாதணிகளை வெளியே கழற்றி வைக்கவும்.’

இரண்டையும் சேர்த்து வாசித்தவர் ஒருவருமில்லை. நான் வாசித்தேன். ஆனால் என்ன பிரயோசனம், சிரிப்பதற்காகத்தான் வாசித்தேன்.

செருப்பு விஷயத்தில் எனக்குத் தனித் திறமை உண்டு. பிறப்பில் வந்ததல்ல, பட்டு வந்தது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தால், பள்ளிவாசலில் கிடக்கும் அத்தனை செருப்புக்கு நடுவே என்னுடையதைத்தான் யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். மூன்றாவது தடவை வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தபோது வாப்பா, “இனிக் கண்ணைத் திறந்து வெச்சிட்டுக் கழட்டு” என்றார். அன்றிலிருந்து யாருடைய செருப்பு எது, குதி எந்தப் பக்கம் தேய்ந்தது, வார் எங்கே வெடித்தது என்று பாடமாக்கத் தொடங்கினேன். அதே ஊக்கத்தைக் கணக்குப் பாடத்தில் காட்டியிருந்தால் இன்று இதை வேறு கதிரையில் இருந்து எழுதியிருப்பேன்.

கல்லூரியில் இந்தத் திறமை ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. புதன்கிழமை தேநீர் நேரத்தில் யன்னலோரம் இருந்து, எதிர்க் கதவடியில் கிடக்கும் செருப்பைப் பார்த்து உள்ளே யார் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். மேசை சிரிக்கும். ஒரு பிளேன்ரீயும் வடையும் எனக்குச் சும்மா கிடைக்கும்.

ஒரு புதன்கிழமை அங்கே கிடந்த சோடி எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. இடது காலில் நீல வார். வலது காலில் வார் அறுந்துபோய், அதற்குப் பதிலாக வலை பின்னும் பச்சை நூலைத் திரித்து முடிச்சுப் போட்டிருந்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவனுடையது அது. குச்சவெளிப் பையன், அப்பா கடற்றொழில். அதிகம் கதைக்கமாட்டான். நான் வகுப்புக்குப் போகாத நாட்களில் எனக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதி வைப்பவன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் கரண்டியை ஒலிவாங்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை தொடங்கினேன். “குச்சவெளி முனையிலிருந்து வந்த வீரர் களமிறங்கிவிட்டார். வலது கால் பச்சை, இடது கால் நீலம். இருபது நிமிடமாக ஆட்டமிழக்காமல் நிற்கிறார்.” கன்டீன் முழுக்கச் சிரித்தது. கதவு திறந்து அவன் வெளியே வந்தபோது, அரைச்சதம் அடித்தவனை வரவேற்கிற மாதிரி எல்லோரும் கை தட்டினோம். எல்லோரையும் விடச் சத்தமாக நான்.

அவன் யன்னலைப் பார்த்தான். கோபப்படவில்லை. குனிந்து செருப்பை எடுத்தான்; போடவில்லை. கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தார் வீதியில் நடந்து போனான்.

அடுத்த புதன்கிழமை அந்தச் செருப்பு அங்கே இல்லை. வகுப்பில் பக்கத்துக் கதிரையும் வெறுமை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. தொலைபேசி எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கும். வரவுப் பதிவைப் பார்த்த விரிவுரையாளர், இன்னும் மூன்று வாரம் வராவிட்டால் அவனைப் பரீட்சை எழுத விடமுடியாது என்று சொன்னார். அவர் அதை என்னிடம்தான் சொன்னார், பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில். 

ஞாயிற்றுக்கிழமை குச்சவெளி பஸ் ஏறினேன். நிலாவெளி தாண்டும்வரை மூன்று பகிடி யோசித்து வைத்தேன், சந்தித்ததும் நிலைமையை லேசாக்க. அவன் கடற்கரையில் தோணி நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அதே பச்சை நூல். மூன்று பகிடியும் எங்கே போயின என்று தெரியவில்லை.

“என்ன மச்சான், கொமென்ட்ரி சொல்லவோ வந்தனி?” என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். “உன்னில கோவமில்ல. நீ எப்பவும் அப்பிடித்தானே” என்றான். அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

வலையில் இன்னொரு முடிச்சை இறுக்கினான். பிறகு சொன்னான்: “மூண்டு தரந்தான் போனனான். நாலாந்தரம் சொல்லுவம் எண்டு ஒரு கதை வெச்சிருந்தனான். ஒருத்தருக்கும் சொல்லாத கதை. இனி எப்பிடிப் போற? என்னைவிட என்ர செருப்பு சத்தமாக் கதைக்குது.”

“புதுச் செருப்பு வாங்கித் தாறன்டா.”

“அதையும் நீ ஒரு நாளில பாடமாக்கிடுவாய்.”

பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். அந்த அறைக்குப் போகாமல் வகுப்பில் இருக்கவும் ஏலாது, வகுப்புக்கு வந்தால் அந்த அறைக்குப் போகவும் ஏலாது என்றான். அழாமல், முடிச்சுப் போட்டபடியே சொன்னான். என்ன பாரம் என்று சொல்லவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் முடிவெடுத்தேன். மூன்று வாரத்துக்குள் இவன் அந்தக் கதவைத் திறக்கவேண்டும், வெளியே ஒருவனுக்கும் தெரியாமல். சிரிக்க வைக்கவேண்டும் என்று நினைத்தால் விடாக்கண்டனாக நிற்பவன் நான். அந்தப் பிடிவாதம் வேறொன்றுக்கு உதவுமா என்று பார்க்கவேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை நானே அந்த அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். மிஸ் என்னைவிட ஏழெட்டு வயது கூடியவராக இருப்பார். நடந்ததைச் சொல்லி, “அவன் திரும்ப வந்தானா மிஸ்?” என்று கேட்டேன்.

“யார் வந்தது, யார் வரேல்ல எண்டு நான் சொல்ல ஏலாது. நீங்கள் வந்ததையும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

“நான் வந்ததை முழுக் கன்டீனும் பார்த்திட்டுது மிஸ். செருப்பு வெளியில கிடக்கு.”

மிஸ் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். “அந்தச் செருப்பு அறிவித்தலை எடுக்கச் சொல்லி ரெண்டு கடிதம் குடுத்திட்டன். பரிசீலிக்கினமாம்” என்றார்.

பரிசீலிக்கத் தொடங்கினால் எவ்வளவு காலம் போகும் என்று இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். என்னிடம் இருந்தது மூன்று புதன்கிழமை. ஒன்று அப்போதே பாதி போய்விட்டது.

வெளியே வந்து செருப்புக்குள் காலை நுழைக்கப்போன நேரத்தில்தான் மூளை வேலை செய்தது. கழற்றி வைக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கிறது. கழற்றியவன் உள்ளே போகவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லையே. நுழைத்த காலை வெளியே எடுத்தேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வகுப்புக்கு நடந்தேன்.

மதியத்தில் அந்தத் தார் வீதியில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடினேன். நகரத்தில் திரியும் மான்கள் இரண்டு மர நிழலில் நின்று என்னைப் பார்த்தன; அவற்றுக்காவது குளம்பு இருந்தது. காலில் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்ட விரிவுரையாளரிடம் “நேர்ச்சை சேர்” என்றேன். கன்டீனில் வரவேற்பு பலமாக இருந்தது. “மச்சான், நீதான் அங்க முதல்ல போயிருக்க வேணும்” என்றான் ஒருவன். அந்த ஒரு நாளில், யன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு விளங்கியது.

ஆனால் ஒரு சோடி போதாது. என் செருப்பு என்று எல்லோருக்கும் தெரியும். நிறையத் தேவை. நான் சிரிக்க வைத்த அதே மேசையிடம் போனேன். அன்று கை தட்டியவர்களைப் பெயர் பெயராகச் சொல்லி, என் பெயரை முதலில் சொல்லி, செருப்புத் தாருங்கள் என்று கேட்டேன். நான் பகிடி விடாமல் கதைத்ததை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இரண்டு பேர் சம்மதித்தார்கள். மற்றவர்களுக்குக் கால் சுடும்.

வீட்டில் பழசு தேடினேன். வாப்பாவுடையது, மூத்த சகோதரன் காக்காவுடையது, பெரியம்மா வீட்டில் கிடந்தது என்று அரிசிச் சாக்கில் சேர்த்தேன். உம்மா பார்த்துக்கொண்டே நின்று, “என்ன மகன், படிப்ப உட்டுட்டுச் செருப்புக் கட போடப் போறியா?” என்று கேட்டார். மறுநாள் பஸ்ஸில் கொண்டக்டர் சாக்கின் வாயை விரலால் விலக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பச் சாக்கைப் பார்த்தார். “தம்பி, எந்தப் பள்ளிவாசல்?” என்றார். பாலம் தாண்டும்வரை எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

அந்த இரண்டாம் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் அடுக்கினேன். பத்து மணிக்குப் பார்த்தால் வாசல் வெளித்திருந்தது. குப்பை என்று நினைத்துக் காவலாளி அள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கத் தொட்டியில் கொட்டிவிட்டார். தொட்டிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு சோடியை நாய் கொண்டுபோய்விட்டது. காவலாளி கைகட்டிக்கொண்டு நின்று, எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். தன் வாசல் கதிரைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவன் அந்த வாரமும் வரவில்லை.

மூன்றாம் புதன்கிழமை. மேசையில் இன்னும் நான்கு பேர் மனம் மாறினார்கள். எங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் நாங்கள் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாமாகப் பதின்மூன்று. எண்ணிவிட்டு நிமிர்ந்தால், வரிசையின் கடைசியில் ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து. காவலாளி அன்று முழுக்கக் காலுறையோடு வாசல் கதிரையில் இருந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ‘இதுக்குள்ள என்னாலேயே ஆளைச் சொல்ல ஏலாது’ என்று எழுதினேன். மதியம்வரை பதில் இல்லை. பிறகு எனக்குப் பைத்தியம் என்று ஒரே சொல்லில் வந்தது: ‘விசரன்.’

மறுநாள் காலை பக்கத்துக் கதிரையில் யாரோ பையை வைத்தார்கள். “கொஞ்சம் தள்ளி இரு” என்றான். குறிப்புக் கொப்பியைத் தாவென்று கேட்டான். மூன்று வாரமாக நான் அவனுக்காகக் குறிப்பு எழுதியிருந்தேன். அதில் பாதியை எனக்கே வாசிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

செருப்பு வைப்பதை அந்தப் பருவம் முடியும்வரை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் உண்மையில் கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. படத்துக்குக் கீழே நான் எழுதியது பொய். பதினான்கு சோடி என்ன, நாற்பது கிடந்தாலும் அந்தப் பச்சை நூல் என் கண்ணுக்கு ஒரு நொடியில் தட்டுப்படும். அதனால் கன்டீனில் என் கதிரையைத் திருப்பிப் போட்டேன், யன்னலுக்கு முதுகு காட்டி. புதன்கிழமைகளில் அந்தப் பாதையால் போவதை விட்டுச் சுற்றிப் போனேன். ஒருநாள் வகுப்பு நடுவில் அவன் “வாறன்” என்று எழும்பிப் போனான். எங்கே என்று பார்க்கக்கூடாது என்று கரும்பலகையையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தில் எனக்கு முழுதாக விளங்கிய ஒரே பாடம் அன்றையதுதான்.

அவன் பரீட்சை எழுதினான், சித்தியடைந்தான். இப்போது நகரத்தில் வேலை செய்கிறான். சந்தித்தால் பிளேன்ரீ குடிப்போம், என்னைப் போட்டு வாட்டுவான். நாலாவது தடவை சொல்ல வைத்திருந்த அந்தக் கதையைச் சொன்னானா, யாரிடம் சொன்னான், ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அடுத்த வருடம் கம்பளத்தைச் சுற்றி எடுத்துவிட்டார்கள், அறிவித்தலும் போய்விட்டது. பரிசீலித்து முடித்திருப்பார்கள்.

கடைசி வருடத்தில் ஒரு புதன்கிழமை நானும் அந்த அறைக்குள் போனேன், இந்தத் தடவை எனக்காகவே. எப்போதும் சிரிப்புக் காட்டுகிறவனுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்தானே. என்ன கதைத்தேன் என்று கேட்பவர்கள் கதவிலிருக்கும் பலகையை வாசித்துக்கொள்ளவும்.

பள்ளிவாசலில் இப்போதும் என் செருப்பு தொலைகிறது. என் கண்ணும் பழைய கூர்மையோடுதான் இருக்கிறது. ஆனால் மூடிய கதவொன்றின் முன்னால் ஒற்றைச் சோடி கிடக்கக் கண்டால், என் தலை தானாக மறுபக்கம் திரும்பிவிடுகிறது. அந்தச் சுடு தாரில் நண்டாக ஓடி நான் சம்பாதித்த ஒரே பட்டம் அது.