ரப்பர் தவளை

அலமாரிக்கு அடியிலிருந்து மகள் எதையோ இழுத்து வாயருகே கொண்டுபோனாள். பறித்துப் பார்த்தால் பச்சை ரப்பர் தவளை. அதன் முதுகில் துருவேறிய இரட்டைத் தூண்டில்முள். அவள் உதட்டை, நாக்கை, விரல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நான் அப்படித்தான்.

தவளையில் இன்னும் வெள்ளாயணிக் காயலின் பாசி வாடை இருந்தது. கழக்கூட்டம் என்ற ஊரில் இருவரும் வேலை பார்த்த நாட்களில், ஞாயிறு காலை கணவர் தூண்டிலோடு கிளம்பினால் நானும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொள்வேன், குடையும் டெட்டாலுமாக. சிரிக்காதீர்கள். முள் யாரையாவது குத்திவிட்டால்?

காயல் என்று பேர்தானே ஒழிய, உப்பில்லாத நல்ல தண்ணீர். தாமரை இலைகளுக்கு நடுவே விரால் கிடக்கும். தூண்டில்காரர்கள் தேடுவது ஒரு சிவப்பை. விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டமாக மூச்சுவிட மேலே வரும்போது, அந்த இடம் மட்டும் கொதிப்பதுபோல் இருக்கும். அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். தவளையைக் குஞ்சுகள்மேல் எறிந்தால் போதும், பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, கோபத்தில்.

அப்படி ஒரு ஞாயிறு, காற்றே இல்லை. வானம் மூடிக் கிடந்தது. இவர் எறிந்தார், தண்ணீர் வெடித்தது. கரையில் விழுந்தது முழங்கை நீள விரால், வாயெல்லாம் ரத்தம். வீட்டில் மாமியார் மீன் குழம்புக்குக் குடம்புளி ஊறவைத்திருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சிவப்பு கரைக்கே வந்து, என் செருப்புக்கு நேர் கீழே நின்றது. சத்தமே இல்லாமல் திறந்து மூடும் சின்னச் சின்ன வாய்கள்.

"தாயை விட்டுருங்க."

"தாய்ன்னு ஒனக்கு யாரு சொன்னா? அப்பனும் காவல் நிக்கும், கேட்டியா," என்று சிரித்தார்.

"யாரா இருந்தாலும் விடுங்க. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

வீட்டில், நன்றாக உறுதியான பிறகு, இனிப்போடு சொல்ல நினைத்திருந்த செய்தி. அவர் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் வைத்தார். அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, பிறகு மெல்ல அமிழ்ந்தது. குஞ்சுகள் அதன் பின்னே போகவில்லை. நாங்கள் ஸ்கூட்டரை நோக்கிக் கரையோரம் நடந்தபோது சிவப்பும் கூடவே நகர்ந்தது. நான் நின்றால் நின்றது.

"நெழலப் பாத்து வருது," என்றார்.

வெயிலே இல்லையே என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் கைவைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அதன்பின் இவர் தூண்டிலைத் தொடவில்லை. அந்த மீன் பிழைத்ததா? மகளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வரும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும்.

போன ஞாயிறு மூவரும் காயலுக்குப் போனோம். தூண்டில்காரர்கள் ஒருவரும் இல்லை. கரை நெடுக நடந்தும் சிவப்பைக் காணவில்லை. வள்ளத்தில் தாமரை பறித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டதற்கு, "இப்பம் இங்க வராலே இல்ல," என்றார்.

முள்ளை வெட்டியெடுத்துவிட்டுக் கொடுத்திருந்த தவளையை மகள் தண்ணீரில் வீசினாள். அவளைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து அணைத்தபடி, தண்ணீர் வெடிக்கக் காத்திருந்தேன். தவளை அசையாமல் மிதந்தது. அதன்மேல் பாய அடியில் யாரும் இல்லை.