அலமாரிப் பிள்ளையார் மீது ஒரு பழைய வழக்கு

துபாயில் எங்கள் தெய்வங்கள் துணி அலமாரிக்குள்தான் வசிக்கின்றன. ஒரு கதவைத் திறந்தால் என் சட்டைகள், அடுத்ததைத் திறந்தால் பித்தளைப் பிள்ளையார், முருகன் படம், விளக்கு. கூரையில் ஸ்மோக் டிடெக்டர் இருப்பதால் சாம்பிராணிக்குத் தடை. ஒரு ஆடிவெள்ளியன்று கற்பூரம் ஏற்றி மொத்தக் கட்டடத்தையும் தெருவில் நிறுத்திய பெருமை எங்களுக்கு உண்டு.

எதிர் ஃபிளாட்டில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர். தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் எனக்கு ஒரு தடித்த புத்தகம் இரவல் தந்தார். ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரித் தெய்வங்களை வாதத்தால் விரட்டியடித்த கதை. என்னை மனம் மாற்றத்தான் தந்தார் என்று நினைக்கிறேன். நானோ அதை வைத்துக்கொண்டு மனைவியை வம்புக்கு இழுத்தேன். நான் சாமி கும்பிடாதவன். சும்மா இருக்கவும் தெரியாதவன்.

புத்தகத்து ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரே வெண்கலத்தில் பாதி சாமியாகிறது, பாதி கால் கழுவும் சட்டியாகிறது, இதில் எது தெய்வம் என்கிறார்கள். சிலையின் வயிற்றுக்குள் எலி குடித்தனம் நடத்துகிறது, அந்த எலிக்கே பயமில்லையே என்கிறார்கள். இந்த எலி வாதத்தை ஒரு நாள் காலை இட்லி சாப்பிட்டபடி மனைவியிடம் எடுத்துவிட்டேன்.

"எங்க சாமி எலியை வேலைக்கே வச்சிருக்கு" என்றாள்.

ரோமாபுரியில் யாருக்கும் இந்தப் பதில் தோன்றியிருக்காது. விடாமல் ஆன்மாவுக்குத் தாவினேன். ஆன்மா பிறவி பிறவியாக வருகிறதென்றால் முந்தின பிறவி ஏன் ஒருவருக்கும் நினைவில்லை? இதுவும் அவர்கள் கேட்டதுதான்.

"நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன தயிரே உங்களுக்கு ஞாபகம் இல்ல. போன ஜென்மத்துக்குப் போயிட்டாரு."

பிறகு மதுரையில் மாமனாருக்கு இதய அறுவை சிகிச்சை என்று முடிவானது. அவருக்காக மனைவி நாற்பத்தெட்டு நாள் விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டாள். முப்பதாவது நாள் அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. விளக்கு என் தலையில் விழுந்தது.

"கிண்டல் எல்லாம் அப்புறம் வச்சுக்கங்க. தினம் ஆறரைக்கு ஏத்தணும். ஆபரேஷன் அன்னைக்கு மட்டும் விட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் ஏர்போர்ட்டில். கண் கலங்கியிருந்தது. ஆறரைக்குப் போனில் அலாரம் வைத்துக்கொண்டேன்.

தினமும் ஏற்றினேன், ஆபீஸ் வேலை போல. நாற்பத்தோராம் நாள் ஆபரேஷன். ஜெபல் அலி துறைமுகத்தில் எங்கள் கிடங்குக்கு அன்றுதான் கன்டெய்னர் பரிசோதனை வந்தது. மணி ஆறாகியும் அதிகாரி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு மணி நேர வழி. மாற்றுச் சாவி எதிர் ஃபிளாட்டில் இருந்தது. போன் செய்து, விளக்கை ஏற்றிவிட முடியுமா என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, ரோமாபுரிச் சாமிக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட மாட்டோம்னுதான் எங்க ஆளுக சிங்கத்துக்கு இரையானாக. அது தெரிஞ்சுமா கேக்கீக?"

"சாம்பிராணி வேண்டாங்க, டிடெக்டர் கத்தும். வெறும் விளக்குதான். பிள்ளையார் வெறும் பித்தளைன்னு உங்க புத்தகமே சொல்லுது. பித்தளைக்கு முன்னாடி விளக்கு வச்சா என்ன பாவம்?"



"உங்களுக்கும் அது பித்தளைதானே? பெறகு ஏன் இந்தப் பாடு படுதீக?"

வாட்சைப் பார்த்தேன், ஆறே கால்.

"மாமனார் தியேட்டருக்குள்ள இருக்காருங்க" என்றேன்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா வே!" என்று வைத்துவிட்டார். அண்ணாச்சி என்ற மரியாதை ஒரே நொடியில் 'வே' என்று இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை.

ஆறு இருபத்தெட்டுக்குப் படம் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியே மனைவிக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவள் கூப்பிட்டபோது எட்டாகியிருந்தது. நான் அப்போதும் வண்டியில்தான்.

"அப்பாவை ஐசியூக்கு மாத்திட்டாங்க. நல்லபடியா முடிஞ்சிருச்சாம்." சற்று அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா, விளக்கை யார் ஏத்துனது?" என்றாள்.

"நான்தான்."

"பொய். படத்துல பிள்ளையாருக்குப் பூ வச்சிருக்கு. பத்து நாள்ல ஒரு நாள் நீங்க வச்சிருக்கீங்களா?"

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பத்து நாளாகக் காய்ந்து கிடந்த பூச்சருகைக் காணோம். புது மல்லிகை. கதவைத் தட்டினேன். எதிர் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேல் வராந்தாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வாடிக் கெடந்துச்சு, பாக்கச் சகிக்கல. எங்க வீட்டம்மா தலைக்கு வாங்குனதுல ஒரு முழம் கிள்ளுனேன். கும்பிடல்லாம் இல்ல, பாத்துக்கிடுங்க. சர்ச்சு ஆளுக காதுல போட்டுராதீக."

அடுத்த நாள் நான் பெர்மிஷன் கேட்டு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். மீதி ஆறு நாளும் அப்படித்தான். பக்தி எல்லாம் இல்லை. வழியில் மல்லிகையும் வாங்கினேன், ஒரு முழம் எதிர் வீட்டுக்கு, ஒரு முழம் பித்தளைக்கு.