கப்பல் கம்பத்தில் யாரும் கப்பல் கட்டவில்லை

யாங்கோனுக்கு அக்கரையில், தன்லியின் என்ற எங்கள் ஊர் ஆற்றங்கரை மேட்டில் நின்ற இரும்புக் கம்பத்தில் யாரும் எந்த ஆகாயக் கப்பலையும் கட்டவில்லை. கட்டியதாக யாங்கோன் முழுக்கப் பேசினார்கள். கிளப்பிவிட்டவன் என் அண்ணன் மகன்.

அவனுக்கு யாங்கோனின் லான்மடா பகுதியில் செல்போன் கடை. தமிழ் பாதிதான் புரியும். நாங்கள் அதைக் கப்பல் கம்பம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறான். மேட்டின்மேல் கப்பலைக் கட்ட முடியாதே, அப்படியானால் பறக்கிற கப்பல்தான் என்று அவனே முடிவு கட்டினான். கம்பத்தைப் படம் எடுத்து, வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ஆகாயக் கப்பல் வந்து நின்றது என்று பர்மிய மொழியில் எழுதி இணையத்தில் போட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது புயல் கூண்டு ஏற்றுகிற கம்பம். ஆற்றில் நிற்கும் கப்பல்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கறுப்புக் கூண்டை உச்சியில் ஏற்றுவார்கள். அதனால்தான் அந்தப் பெயர். என் அப்பா சரக்குப் படகில் மூட்டை ஏற்றிய கூலி. நான் சிறு பெண்ணாக இருந்தபோது ஒருநாள் கூண்டு ஏறியிருந்தது. அம்மா பார்த்தாள், நான் பார்த்தேன், கூலிகளை வேலை வாங்குகிற மேஸ்திரியும் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் ஆட்களை விரட்டிப் படகில் ஏற்றினான். ஏறாதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. படகு கவிழ்ந்தது. அப்பாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் வந்த புயல் என்றார்கள் படகுக் கம்பெனிக்காரர்கள். தெரியாமலா? ஊருக்கே தெரிந்தது.

போன மழைக்காலம் முடிந்ததும், அந்த நிலத்தை வாங்கியவர் கம்பத்தை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் குழு ஒன்று ஓடி வந்தது. ஆகாயக் கப்பல் கம்பம் என்றால் விட்டுவைக்கிறேன், பக்கத்தில் டீக்கடை போட்டால் கூட்டம் வரும் என்றார் நிலக்காரர். வயதான யாராவது கேமரா முன்னால் சொல்ல வேண்டுமாம். அண்ணன் மகன் குழுவை என் வீட்டுக்கே கூட்டிவந்தான்.

"அத்தே, தாத்தா பாத்தாருன்னு சொல்லு. அது போதும்."

"என்னத்தடா பாத்தாரு?"

"ஆகாயக் கப்பல."

"உங்க தாத்தா தண்ணியில செத்தாருடா. ஆகாயத்துல இல்ல."

குழுவில் வந்த பெண் 'டாவ்டாவ்' என்று அத்தை முறை வைத்து, புயல் கம்பத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று பர்மிய மொழியில் கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"சொல்லலேன்னா அறுத்துருவாங்க அத்தே. தாத்தா ஞாபகமா அது ஒண்ணுதானே இருக்கு?"

அது உண்மை. அப்பாவுக்குச் சமாதி இல்லை, ஒரு படம்கூட இல்லை. அந்த இரும்பு நிற்க வேண்டும் என்று அவனைவிட எனக்குத்தான் ஆசை.

கேமராவைப் போடச் சொன்னேன். கூண்டு, மேஸ்திரி, படகு எல்லாவற்றையும் பர்மிய மொழியிலேயே சொன்னேன். பாதியில் அந்தப் பெண் கேமராவை இறக்கினாள். நான் நிறுத்தவில்லை.

நிலக்காரர் அதைக் கேள்விப்பட்டு, சாவு நடந்த கதையை வைத்து எப்படி டீ விற்பது என்றாராம். அடுத்த வாரமே ஆட்கள் வந்து அறுத்தார்கள். நான் போய் நின்றேன். அண்ணன் மகனும் வந்திருந்தான்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா நின்னிருக்கும். உன்னாலதான் அத்தே."

"ஆமாடா, என்னாலதான். நின்னுக்கிட்டு தெனமும் உங்க தாத்தா பேர்ல பொய் சொல்லணுமா அது?"

துண்டுகளை லாரியில் ஏற்றுகிறவர்கள் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் தள்ளி நிற்கவில்லை. அவர்கள்தான் சுற்றிப் போனார்கள்.