மூன்று கேள்வி இருந்தால்தான் முனைவர்

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் கருத்தரங்க அறை ஒன்றில், மனப்பாடம் செய்த ஒரு கேள்வியுடன் உட்கார்ந்திருந்தேன். கேள்வி என்னுடையது இல்லை. அதற்கான பதிலும் எனக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் முறை வரவில்லை.

விளக்கிவிடுகிறேன்.

என் மனைவி எஸ்தர் கல்லூரி ஒன்றில் வணிகவியல் ஆசிரியர். தற்காலிக ஆசிரியர். கல்யாணமான புதிதில் தற்காலிகம். மகள் பிறந்தபோதும் தற்காலிகம். அந்த மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள்; எஸ்தர் இன்னமும் தற்காலிகம். எங்கள் வீட்டில் நிரந்தரமான விஷயம் அது ஒன்றுதான்.

இந்த வருடம் அதே கல்லூரியில் ஒரு நிரந்தரப் பணியிடம் காலியானது. முனைவர் பட்டம் கட்டாயம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. அடுத்த முறை காலியாகும்போது வயது வரம்பு எஸ்தரை உள்ளே விடாது. பட்டம் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது என்று தேர்வாளர் கையெழுத்திட்ட சான்று போதும் என்று கல்லூரி இறங்கி வந்தது. அந்தத் தேர்வு - எல்லோரும் 'வைவா' என்று சொல்கிறார்களே, அதுதான் - வெள்ளிக்கிழமை. வெளித்தேர்வாளர் அம்மையார் தெற்கே எங்கிருந்தோ ரயிலில் வருகிறார். இந்த வெள்ளி தவறினால் அவருக்கு அடுத்த மாதம்தான் தேதி.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் முனைவர். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை தற்காலிகம்.

இதில் உனக்கென்ன வேலை என்கிறீர்களா? செய்தி வாசிப்பு.

ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் திங்கள்தோறும் ஒரு மடல் அனுப்பும். காலேஜ், வீடு, ஆய்வேடு மூன்றுக்கும் நடுவில் எஸ்தருக்கு அதைத் திறக்கவே நேரமிருக்காது. எனக்கு இருக்கும். பத்திரிகைக்கு வாராவாரம் எழுதுகிறவனுக்கு இல்லாத நேரமா? காலை காபியோடு நான் உரக்க வாசிப்பேன், அவர் இட்லி வேகவைத்தபடி 'ம்' கொட்டுவார். மூன்று பகுதிகள் - செய்திகள், சேவைகள், கடைசித் தேதிகள். செய்திகள் அரைப் பக்கம். சேவைகள் கால் பக்கம். மிச்சமெல்லாம் கடைசித் தேதிகள்.

அபராதமில்லாமல் கட்டணம் கட்டக் கடைசித் தேதி. அபராதத்தோடு கட்டக் கடைசித் தேதி. கால நீட்டிப்பு கேட்கக் கடைசித் தேதி. அந்தக் கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டது என்று ஒரு செய்தி. ஆய்வேட்டு அட்டையின் நிறம் கருநீலத்திலிருந்து கரும்பச்சைக்கு மாறுகிறது என்று இன்னொன்று. அறிவுலகம் நகர்வதை நாங்கள் இப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒருமுறை 'சேவைகள்' பகுதியில், மன அழுத்தத்தில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு இலவச ஆலோசனை மையம் திறந்திருப்பதாக வந்தது. சந்தோஷமாக வாசித்துக்கொண்டே போனேன். முன்பதிவுக்கான கடைசித் தேதி முந்தின வாரம்.

அப்படியொரு திங்களில்தான் அந்தப் புது விதி வந்தது. இனி வைவாவில் பார்வையாளர்களிடமிருந்து குறைந்தது மூன்று கேள்விகள் வர வேண்டும். கேட்டவர் பெயர், கேள்வி இரண்டும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். வராவிட்டால் வைவா முடிந்ததாகக் கருதப்படாது. அதன் கீழேயே இன்னொரு விதி. ஆய்வாளர் தன் செலவில் யாருக்கும் விருந்து வைக்கக் கூடாது. டீயும் பிஸ்கட்டும் பல்கலைக்கழகமே தரும்.

எஸ்தர் இட்லிப் பானையை மூடிவிட்டுத் திரும்பினார்.

"பிரியாணியும் கிடையாது, கேள்வியும் கேக்கணும்னா... எவன் வருவான்?"

நியாயமான கேள்வி. பொது வைவா என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் வருவார்கள். மேடையைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு ஆம்பூர் பிரியாணியைப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டு அதைத் தாமதப்படுத்துகிற அளவுக்குக் கல் நெஞ்சம் யாருக்கும் இருந்ததில்லை.

எஸ்தர் மூன்று கேள்விகளைத் தானே எழுதினார். பதில்களையும் எழுதினார். கேட்பதற்கு மூன்று பேரை நியமித்தார். ஒன்றாம் கேள்வி, அவரோடு வேலை பார்க்கும் பர்வீன் மேடத்துக்கு. இரண்டாவது, எஸ்தரின் தம்பி சாமுக்கு. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். மூன்றாவது எனக்கு. கேள்வியும் பதிலும் ஒரே ஆள் எழுதுவதற்குக் கலந்துரையாடல் என்று பெயர். நாடு முழுக்க அப்படித்தான் நடக்கிறது, நான் ஏன் குறை சொல்ல வேண்டும்?

ஆய்வு எதைப் பற்றி? ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஏன் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறுகிறார்கள் என்பதைப் பற்றி. சம்பளத்துக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எஸ்தர் வருடக்கணக்கில் கேட்டு அலைந்ததில் வேறு விடை கிடைத்தது. கம்பெனி பஸ். சம்பளம் கொஞ்சம் கம்மியானாலும், தெருமுனையிலேயே ஏற்றி இறக்கும் பஸ் எந்தக் கம்பெனியுடையதோ, அந்தக் கம்பெனிக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. பேச்சில் ஒரு விறுவிறுப்பு இருக்கட்டுமே என்று, சாமுக்கு முன்னால் நான் என் கேள்வியோடு முந்திக்கொண்டேன். எஸ்தர் நிறுத்தினார்.

"இன்னாங்க இது? ரெண்டாவதுக்கு பதில் சொன்னாதான் மூணாவதே புரியும். வரிசையா கேளுங்க. சொந்தமா ஒரு வார்த்தை சேக்கக் கூடாது. ஜோக் அடிக்கக் கூடாது. முக்கியமா ஜோக்."

"வாராவாரம் எத்தனை பேர் என் ஜோக்கை..."

"ஒருத்தர் சிரிச்சு நான் பாத்ததில்ல."

சாம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, மாமாவ நீ பாத்துக்கோ. என்னைப் பத்திக் கவலையே வாணாம். லைன்ல நிக்கிறவன் நானு. வரிசைன்னா இன்னான்னு எனக்கு சொல்லணுமா?"

இதைக் கேட்டு எஸ்தர் நிம்மதியடைந்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை. அறை வாசலிலேயே செல்போன்களை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். எஸ்தர் பேசினார். நன்றாகவே பேசினார். வெளித்தேர்வாளர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார், எஸ்தர் சொன்ன பதில்களுக்குத் தலையாட்டினார். எஸ்தரின் வழிகாட்டிப் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "இனி பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்" என்றார்.

பர்வீன் மேடத்துக்காக நாங்கள் பிடித்து வைத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

வந்துவிடுவார் என்று காத்திருந்தோம். சாமின் விலாவில் இடித்தேன்.

"நீ கேளுடா."

"ஒண்ணு ஆகல மாமா."

"அவங்க வரல. நீ எழுந்து கேளு."

"அதெப்படி? முன்னாடி டேபிள்ல ஆபரேஷன் முடியாம அடுத்த டேபிள்காரன் பீஸைத் தொட்டா இன்னா ஆவும் தெரியுமா? மொத்த லைனும் ரிஜெக்ட். எங்க கம்பெனில என் மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது."

"இது ஷூ இல்லடா."

"அக்கா வரிசைன்னு சொல்லிச்சா இல்லையா?"

சொல்லியிருந்தார். மேடையிலிருந்து எஸ்தர் என்னைப் பார்த்துக் கண்களை விரித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வைக்கு இரண்டு பொருள் உண்டு என்று படித்து வைத்திருக்கிறேன். ஒன்று, 'ஏதாவது பண்ணுங்களேன்.' இன்னொன்று, 'எதுவும் பண்ணித் தொலைக்காதீங்க.' நான் வழக்கம்போல இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

வழிகாட்டி இருமினார். "யாராச்சும் கேளுங்க... மூணு கேள்வி இல்லன்னா மினிட்ஸ் எழுத முடியாது." வெளித்தேர்வாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் காட்பாடியில் அவருக்கு ரயில்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். முப்பது வயதிருக்கும், மடியில் சாப்பாட்டுப் பை. "சரண்யா, விலங்கியல் துறை" என்றார். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் பிறருடைய வைவாக்களில் இத்தனையில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் மடலில் வந்த விதிதான். அந்தக் கணக்குக்காக வந்தவர். எங்கள் ஏற்பாட்டில் இல்லாதவர்.

"மேடம், நான் காவேரிப்பாக்கம் ஏரி மீனைப் பத்திப் பண்றேன். மீன் ஏன் இடம் மாறுதுன்னு பாப்போம். அதுல, போன மீன் திரும்பி வருதான்னும் பாக்கணும். உங்க ஆய்வுல, கம்பெனியை விட்டுப் போனவங்க யாராச்சும் அதே கம்பெனிக்குத் திரும்பி வந்தாங்களா? வந்திருந்தா அவங்களை எப்படிக் கணக்குல எடுத்தீங்க?"

எஸ்தர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். வழிகாட்டியின் முகம் பிஸ்கட் நிறத்துக்குப் போனது.

"வந்தாங்க" என்றார் எஸ்தர், மெதுவாக. "ஒருத்தங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க போனப்ப, விட்டுப் போனவங்க பட்டியல்ல எழுதினேன். புதுக் கம்பெனி பஸ்ஸோட வழியை மாத்திட்டாங்க, இவங்க திரும்பி வந்துட்டாங்க. அப்போ புதுசா சேந்தவங்க பட்டியல்ல எழுதினேன். ஒரே ஆளை ரெண்டு ஆளா எழுதிட்டேன். இன்னும் சில பேர் அப்படி இருக்கலாம். தனியா பிரிச்சு எழுதியிருக்கணும். எழுதல."

இப்படி ஒரு பதிலை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை.

வெளித்தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இதனால உங்க முடிவு மாறுதா?"

"மாறல மேடம். போனதும் பஸ்ஸால, வந்ததும் பஸ்ஸால. இன்னும் பலமாத்தான் ஆவுது. ஆனா ஆய்வேட்டுல அது இல்ல."

"அருமை. கேட்ட கேள்வியும் அருமை. ஆனா... இது திருத்தம்" என்றார் அம்மையார்.

திருத்தம்! அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. திருத்தம் என்றால் மறுசமர்ப்பிப்பு. மறுசமர்ப்பிப்பு என்றால் மாதம். திங்கட்கிழமைக்கு அந்தப் பாஷை தெரியாது. எஸ்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று இன்னமும் தெரியவில்லை.

"பார்வையாளர் கேள்வியா?" என்றார் வழிகாட்டி, நம்பிக்கையே இல்லாமல்.

"ஆமாம். பெயரை எழுதிக்கொள்ளுங்கள். போன மாத மடலில், கடைசித் தேதிகளுக்கெல்லாம் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. திருத்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்குமானால், அன்றைக்கே எழுதி, தேர்வாளர் கையெழுத்தோடு இணைத்துவிடலாம் என்று. அது... உண்மைதானா?"

வழிகாட்டி அலுவலக உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கணினியைத் திறந்து மடலைத் தேடினார், கீழே போனார், இன்னும் கீழே போனார். "இருக்குது சார்" என்றார் ஆச்சரியத்தோடு. அந்த இடம்வரை படித்த மனிதன் ஒருவன் இருப்பான் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. நியாயம்தான். இத்தனை வருடமாக எவ்வளவோ நல்ல புத்தகங்களைப் படித்துத் தள்ளியிருக்கிறேன். என் படிப்பால் ஒருவருக்குப் பலன் கிடைத்தது அந்த ஒரு வரியில்தான்.

"அப்போ இப்பவே எழுதட்டும். என் ரயிலுக்கு நேரம் இருக்கு" என்றார் அம்மையார்.

எஸ்தர் கணினி முன் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், "முதல் வாக்கியத்தை மட்டும் நான்..." என்றேன்.

"நீங்க தள்ளி நில்லுங்க. இதாவது நல்லா வரட்டும்."

தள்ளி நின்றேன். பக்கம் அச்சாகி வந்தது. அம்மையார் இரண்டு முறை படித்தார், ஒரு காற்புள்ளியைச் சேர்த்தார், கையெழுத்திட்டார்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கே" என்றார் வழிகாட்டி.

சாம் என் பக்கம் குனிந்தான். "மாமா, ஒண்ணாவது ஆயிடுச்சுன்னு வச்சுக்கலாமா?"

"ஆயிடுச்சுடா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் இரண்டாம் கேள்வியைக் கேட்டான். எஸ்தர் ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் சொன்னார். கேள்வி மூன்று என்று குறிப்பேட்டில் ஏறியது. 'முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்' என்று வழிகாட்டி வாசித்ததும் எல்லோரும் கைதட்டினோம். எஸ்தர் அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

கைதட்டல் ஓய்ந்த நேரத்தில் கதவு திறந்தது. பர்வீன் மேடம். மூச்சு வாங்குகிறது, துப்பட்டா ஒரு பக்கம் போகிறது. கிரீன் சர்க்கிள் சந்திப்பில் பஸ் நகரவே இல்லையாம், ஒரே பேஜாராம், பாதி தூரம் நடந்தே வந்தாராம். இதெல்லாம் பிறகு சொன்னது. உள்ளே காலை வைத்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"மேடம், பணியாளர் வெளியேற்றம் என்றால் என்ன? சற்று விளக்க முடியுமா?"

முனைவர் எஸ்தர் விளக்கினார். முழுதாக. கேட்டவரைப் பதில் சொல்லாமல் அனுப்பிவைக்கும் வழக்கம் ஆசிரியர்களுக்கு இல்லை.

சரண்யாவைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். அவர் வருகைச் சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் வேணும்னு கேக்கல சார். நெஜமாவே தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். ஒரு பல்கலைக்கழகத்துக்குள், தெரிந்துகொள்வதற்காகக் கேள்வி கேட்டுவிட்டு ஒருவர் மன்னிப்பும் கேட்கிறார் என்றால்... சரி, விடுங்கள்.

திங்கட்கிழமை விண்ணப்பம் சான்றோடு உள்ளே போய்விட்டது. நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாதாம்.

எஸ்தருக்கு வேலை கிடைத்துவிடும் என்றே நினைக்கிறேன்.