தனி ஆளுக்கு ரூம் இல்லை

வாலிநோக்கம் உப்பளத்தில் மழையால் வேலை நின்றதும் ராமேஸ்வரம் போனேன். காய்ச்சல் இருந்தது, ஒரு நாளாவது கட்டிலில் படுக்க வேண்டும். கேட்ட லாட்ஜுகளில் எல்லாம் தனி ஆளுக்கு ரூம் இல்லை என்றார்கள். கடைசி லாட்ஜின் மேனேஜர் காரணத்தையும் சொன்னார்.

“தனியா வாரவுக உள்ள போயி தூக்கு மாட்டிக்கிறாக. போலீசுக்கு நாங்கல்ல அலையிறோம்? கூட யாராச்சும் இருந்தாச் சொல்லு.”

“ஆளிருந்தா நான் ஏண்ணே இங்கன நிக்கிறேன்?”

மாமனாருக்குத் திதி கொடுக்க நயினார்கோவிலிலிருந்து கணவரோடு வந்திருந்த ஒரு பெண், ஈரச் சேலையோடு பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். முன்பின் தெரியாத என்னை அதட்டினாள்.

“எங்க போய்த் தொலஞ்ச? எம்புட்டு நேரமாத் தேடுறது! எங்க கொழுந்தன்தாண்ணே.”

மேனேஜர் சந்தேகத்தோடு அவள் கணவரைப் பார்த்தார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சின்னதுலேருந்தே இவன் இப்படித்தான்” என்றார். சாவி கிடைத்தது.

மாடிப்படியில் நன்றி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “தாப்பா மட்டும் போட்டுறாதப்பா. ஒனக்கு ஒண்ணுன்னா இப்ப நாங்கதான் பதில் சொல்லணும்.”

சாகும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நான் செத்தால் பதில் சொல்ல ஆள் இருந்தது, என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் படுத்தேன்.